பலாப் பலகையில் இரண்டு வட்டங்கள்

பொலிஷ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும், சீலருக்குள் எவ்வளவு தின்னர் கலக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் டின்னின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. கண்ணாடி போட்டால் என்னாலேயே வாசிக்க முடிகிறது. டின்னில் எழுதாத சங்கதி ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

கிராண்ட்பாஸில் ஒரு தளபாடப் பட்டறையில் பொலிஷ் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கிருலப்பனையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் பழக்கம் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் படும் கோணத்தில் அவர்களுடைய சாப்பாட்டு மேசையைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். சொல்லாமல் இருப்பதுதான் இன்னும் மோசம் என்று என் மகள் திட்டுகிறாள்.

நிறப் பெயின்ட் கள்ளத்தனத்துக்கு உதவும். கீழே என்ன கோளாறு இருந்தாலும் மூடிவிடும். மரம் தெரியும்படி போடுகிற தெளிந்த பூச்சு உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். கீழே ஒரு விரல் அடையாளம் இருந்தால் அதை விருந்தாளிகளுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டும். விரல் வைப்பதற்கோ ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. கல்கிசையில் ஒரு வீட்டில் மேசைக்குப் பூச்சுப் போட்டுவிட்டு, "தொட வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினோம். வீட்டுக்காரரின் மாமா வந்தார். மூன்றையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு, "காய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்டபடி நடுமேசையில் விரலை வைத்தார். அந்த மாமாவைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. விரலாவது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பலகை எங்களை ஆட்டிவைத்த கதைதான் நிசாரின் கதை.

நிசார் எங்கள் பட்டறையில் சாண்ட் பேப்பர் தேய்த்தே வருடக்கணக்கைக் கழித்தவன். கிராண்ட்பாஸ்காரன். கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஸ்ப்ரே கன் தன் கைக்கு வராதா என்று காத்திருந்தான். கடைசியில் முதலாளி ஒருவழியாகக் கொடுத்தார். அவன் தனியாகச் செய்த முதல் வேலை வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், புதிதாக எழும்பிய தொடர்மாடி வீட்டில். அங்கே சமையலறைக்கு நீளமான ஒரு மேற்பலகை. ஒட்டுப்போடாத ஒரே பலா மரம். மஞ்சள் மஞ்சளாக அப்படி ஒரு அழகு.

வீட்டுக்காரர் சிவகுமரன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், வெள்ளவத்தையில் வளர்ந்தவர். மனைவி அனீட்டா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். விரும்பிக் கட்டியவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய அம்மாவும் இவளுடைய அம்மாவும் ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை. அதனால் கணவனும் மனைவியும் ஒரு முடிவெடுத்திருந்தார்கள்: புது வீட்டில் சாமித்தட்டும் வேண்டாம், மாதா சுரூபத்தட்டும் வேண்டாம். ஒன்றை வைத்தால் மற்ற அம்மா கோவிப்பார். சாமி அறைக்கென்று விட்டிருந்த இடத்தில் வாஷிங் மெஷின் வந்து உட்கார்ந்தது. அதை எனக்குக் காட்டும்போது சிவகுமரன் பெருமையாகச் சொன்னார், "நாங்கள் ரெண்டு பேரும் இதில தெளிவு, மிஸ்."

இன்னும் குடிவரவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்களையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் பலகை முடிய வேண்டும்.

"கண்ணாடி மாதிரி மினுங்கத் தேவையில்ல, மிஸ்," என்றாள் அனீட்டா. "ஆனா ஒரே மாதிரி இருக்கணும். அங்க மினுக்கம், இங்க மங்கல் எண்டு இருந்தா மாமி வாசல்ல நிண்டே கண்டுபிடிச்சிருவாங்க."

நிசார் முதல் பூச்சை அடித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கை நடுங்கவில்லை. ஒரே வேகம், ஒரே தூரம். எனக்கே பொறாமையாக இருந்தது. நாங்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் பலகையின் இடது முனையில், ஜன்னலுக்குக் கீழே, சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குப் பூச்சு விலகிக் குழி குழியாகக் கிடந்தது. வலது முனையில் வேறு கூத்து. அங்கே பூச்சு படிந்த மாதிரித் தெரிந்தது. காய்ந்த பிறகு நகத்தால் தொட்டால் தோல் மாதிரி உரிந்தது. நடுவில் மட்டும் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

"கன்ன நல்லாக் கழுவித்தான் எடுத்த, அக்கா. தின்னரும் புது டின்," என்றான் நிசார். "என்ன நடந்த எண்டு எனக்கு வெளங்குதில்ல."

உரித்தோம், தேய்த்தோம், வெறும் மரமாக்கிப் பூட்டிவிட்டுப் போனோம். காலையில் வந்து அடித்தால் இரண்டு வட்டங்களும் பெருத்திருந்தன. மறுபடி உரித்துத் தேய்த்தோம். நிசார் கம்ப்ரஸரின் பில்டரை மாற்றினான், குழாயை மாற்றினான், கடைசியில் பயத்தில் தன் சேர்ட்டையும் மாற்றினான். மூன்றாம் முறை வட்டங்கள் இன்னும் பெருத்தன. ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, "இன்டைக்கும் சரிவரேல்ல," என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டால் எந்த ஆளும் கத்துவார். இவர், "ஐயோ... சரி மிஸ், பாப்பம்," என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிடுவார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை முதலாளி நேரில் வந்தார். பலகையைப் பார்த்தார், நிசாரைப் பார்த்தார்.

"மிஸ், இவன் கை சரியில்ல. நாளைக்கு மத்தியானம் வேற ஆளக் கொண்டாறன். இவன் கன்னக் குடுத்திட்டுப் போகலாம்."

"முதலாளி, கையோ கம்ப்ரஸர்க் காத்தோ பிழையெண்டால் முழுப் பலகையும் பிழைக்க வேணும். இது ரெண்டு இடத்தில மட்டும்தானே பிழைக்குது?"

"அப்ப என்ன காரணம்?"

எனக்குத் தெரியவில்லை. "காரணம் இல்லாட்டி நான் ஆளத்தான் மாத்தணும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். வேலைத் தளத்தில் வைத்துக் கன்னைப் பிடுங்கி அனுப்பினால் அந்தக் கதை நிசாருக்கு முன்பே கிராண்ட்பாஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு எந்தப் பட்டறையிலும் அவனை நம்பி யாரும் கன் கொடுக்க மாட்டார்கள். மறுபடி சாண்ட் பேப்பர்தான்.

நிசார் வீட்டுக்குப் போன பிறகு நான் பலகையைத் தின்னர்த் துணியால் துடைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சீராக உலர்ந்தது. இடது முனையில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம் கொஞ்ச நேரம் நின்றது. நாங்கள் தேய்த்துப் பூட்டிவிட்டுப் போன பிறகு இந்தப் பலகைக்கு ஏதோ நடக்கிறது என்று அப்போது பட்டது. நாங்கள் போகிறோம், ஆனால் பலகை அங்கேதானே இருக்கிறது? பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். பூச்சு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைத்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

நான் காலி வீதிக் கடையொன்றுக்குப் போய், பால் விடாத பிளேன்டி குடித்துவிட்டு, ஒபீஸ்கள் விடுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தேன். கீழே காவலுக்கு இருந்தவர் சிங்களத்தில், "மஹத்தயா உட இன்னவா, மிஸ்," என்றார். ஐயா மேலே இருக்கிறாராம். தினமும் இந்த நேரத்துக்கு வருவாராம்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே போகும்போதே தேங்காயெண்ணெய் வாசம். சிவகுமரன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் ஒபீஸ் அட்டை தொங்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால், எங்கள் பலாப் பலகையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு குட்டிப் பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். மனிசன் துள்ளிவிட்டார்.

"மிஸ்... இது வந்து... கரண்ட் போயிட்டுது."

அவருடைய தலைக்கு மேலே பல்ப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை அண்ணாந்து பார்த்தோம்.

"எப்ப தொடங்கி?" என்று கேட்டேன்.

"பலகை வந்த நாளில இருந்து. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மாமியும் சண்டை பிடிக்காமல் ஒரு மேசையில இருந்து சாப்பிட வேணும், மிஸ். வேற ஒண்டும் இல்லை. பொலிஷ் பிழைக்குது எண்டு நீங்கள் போன் எடுத்தாப் பிறகு பயம் வந்திட்டுது. ரெண்டு திரி போடத் தொடங்கினனான்."

"எண்ணெய் சிந்தேல்லையோ?"

"சிந்தும். ஆனால் துணியால வடிவாத் தேச்சுத் துடைச்சுப்போட்டுத்தான் போறனான்." சொல்லும்போது அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அனீட்டாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சாமித்தட்டு வேண்டாம் எண்டு கூடப் பிடிவாதமா நிண்டது நான்தான்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு வலது முனையைக் காட்டி, அங்கேயும் வைப்பதுண்டா என்று கேட்டேன். "இல்லை மிஸ், விளக்கு இஞ்ச மட்டும்தான்," என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. ஒரு வட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. மற்ற வட்டம் யாருடையது?

வியாழன் காலை நிசார் வருவதற்கு முன்பே போய்விட்டேன். இந்தமுறை கதவு திறந்தே இருந்தது. பேங்க் வேலைக்குக் கட்டுகிற சாரியும் கைப்பையுமாக அனீட்டா வலது முனையில் நின்றாள். சுவரில் சாய்த்து வைத்த சின்ன அந்தோனியார் படம். அதற்கு முன்னால், உருகிய மெழுகில் ஊன்றி நிறுத்திய ஒரு மெழுகுதிரி.

நான் வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஐயோ மிஸ்! சிவாவுக்குச் சொல்லிராதீங்க, ப்ளீஸ். அவருக்கு இதெல்லாம் பிடிக்காது." கைகளைப் பிசைந்தாள். "ஞாயித்துக்கிழமை நல்லபடியா முடியணும் எண்டுதான். வேலைக்குப் போற வழியில ஒரு அஞ்சு நிமிசம். பொலிஷ் சரிவரல்ல எண்டு தெரிஞ்ச பிறகு, கோயில்ல ஆசீர்வதிச்ச பெரிய திரியாக் கொண்டாறன்."

"விழுற மெழுகை என்ன செய்யிறனீங்கள்?"

"பேங்க் கார்டால சுரண்டிட்டு, மிச்சத்தக் கையால தேச்சு விட்ருவேன். நல்லாப் பளபளப்பா வரும்."

ஆக, நடந்தது இதுதான். இவர் மாலையில் மரத்துக்கு எண்ணெய் ஊட்டினார், இவள் காலையில் மெழுகு ஊட்டினாள். எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு விலகியது, மெழுகு பட்ட இடத்தில் உரிந்தது. பூச்சுக் கெடக் கெட இரண்டு பேரும் பயந்து இன்னும் கூடக் கும்பிட்டார்கள். கும்பிடக் கும்பிடப் பூச்சு இன்னும் கெட்டது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் நிசார்.

அவளுக்கும் வாக்குக் கொடுத்து அனுப்பினேன். அந்த வாளியிலேயே இருந்து யோசித்தேன். காரணம் என் கையில் இருந்தது. வாயில் இரண்டு வாக்கு இருந்தது. முதலாளியிடம் சொன்னால் அவர் அந்த நிமிடமே இரண்டு பேருக்கும் போன் எடுத்துக் கத்துவார். கணவனின் விளக்கை மனைவியும், மனைவியின் மெழுகுதிரியைக் கணவனும் ஒரு முதலாளியின் கத்தலில் இருந்து தெரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டால் நிசார் மத்தியானம் போய்விடுவான். நாளைக்குப் பூச்சுச் சரிவந்தாலும் அந்தப் பெயர் புதிதாக வருகிறவனுக்குத்தான் போகும்.

இரண்டு பேருக்கும் தனித்தனியே போன் எடுத்தேன். இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். வாக்கு வாக்குதான். ஆனால் மத்தியானம் நிசார் கன்னைக் குடுத்திட்டுப் போகப்போறான். அவன்ர கையில பிழையில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். என்ன செய்யிறதெண்டு நீங்களே யோசியுங்கோ."

ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சுவிடவில்லை. அது என் வாயால் வர வேண்டிய சங்கதி அல்ல.

நேரம் போனது. முதலாளி வந்தார், கூடவே புது ஆளும் வந்தான். நிசார் குந்தியிருந்து கன்னைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் அன்று கழுவிய மாதிரி ஒருநாளும் கழுவியதில்லை.

"விடு நிசார், அவன் கழுவிக்கொள்ளுவான்," என்றேன்.

"இல்ல அக்கா. அடுத்த ஆளுக்குக் கழுவித்தான் குடுக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி என்ன என்று கேட்டார். தின்னர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவர்கள் வராவிட்டால் வாக்கை உடைத்துவிடுவது என்று அந்த நிமிடம் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். நல்லவேளை, அதற்கு அவசியம் வரவில்லை. லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. சிவகுமரன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். வாயைத் திறக்க முன் படிக்கட்டுப் பக்கமாக ஓடி வந்து அனீட்டாவும் நின்றாள்.

"நீ ஏன் இஞ்ச?"

"நீங்க ஏன் இங்க?"

இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் வந்த வேலையை விடவில்லை. இரண்டு பேரும் முதலாளியின் பக்கம் திரும்பி, ஒரே நேரத்தில் சொன்னார்கள், "அவரில பிழையில்லை. நான்தான்!"

"விளக்கு," என்றார் அவர்.

"மெழுகுதிரி," என்றாள் அவள்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"விளக்கா?" அனீட்டா மெதுவாகத் திரும்பினாள். "நீங்களா? வாஷிங் மெஷினுக்கு இடம் விட்ட ஆளா?"

"நீ மட்டும்? ஒண்டும் வேண்டாம் எண்டனீ!"

"நீங்க வேணாம் எண்டதாலதானே நானும் வேணாம் எண்டேன்!"

"நானும் அப்பிடித்தானே!"

அனீட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முதலில் வெட்கப்பட்டார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். யார் எந்த முனை என்று இரண்டு பேரும் பலகையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். "தொடாதேங்கோ!" என்று நான் கத்தினேன்.

முதலாளி குனிந்து இரண்டு முனைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு புது ஆளைக் கீழே போய் வான் வண்டியில் இருக்கச் சொன்னார். கழுவி அடுக்கியிருந்த கன்னைத் தானே குனிந்து எடுத்து நிசாரின் கையில் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "கன்னப் பூட்டு, பூட்டு. நேரம் போகுது," என்றார். வாசல் வரை போய்த் திரும்பி நின்று வீட்டுக்காரர் இருவரையும் பார்த்துச் சொன்னார், "ஞாயிறு வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பலகைக்குக் கிட்ட நிண்டு ஒண்டையும் கும்பிடாதீங்க."

பிறகு செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். எண்ணெயும் மெழுகும் இழுபடும்வரை தின்னரால் கழுவினோம், தேய்த்தோம், மிச்சம் மீதி மேலே வராதபடி செலாக் அரக்குப் பூச்சால் மூடினோம். அதற்கு மேல் நிசார் கன்னை எடுத்தான். நான் பக்கத்தில் நிற்கவில்லை. பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தால், "அக்கா, ஒருக்கா வாங்க," என்று கூப்பிட்டான். போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இடது முனையில் இருந்து வலது முனை வரை ஒரே வெளிச்சம், எங்கேயும் தடங்கலில்லாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் நிசாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நிசாருக்கென்று முஸ்லிம் கடையில் தனியாகச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் புதிதாக ஒரு தட்டு இருந்தது. சிங்க் வைப்பதற்காகப் பலகையில் வெட்டி எடுத்த துண்டு அது. நிசார்தான் அதற்கும் பூச்சடித்திருந்தான். அதில் பித்தளை விளக்கும் அந்தோனியார் படமும் மெழுகுதிரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இரண்டு அம்மாமாரும் வந்து தட்டைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் நின்று பலகையைத் தடவத் தொடங்கினார்கள். குறை தேடுகிற கைகள் எனக்குத் தெரியாதா? தடவிக்கொண்டே நடந்து நடுவில் சந்தித்தார்கள். குறை கிடைக்கவில்லை.

"வழுவழுப்பாத்தான் கிடக்கு," என்றார் சிவகுமரனின் அம்மா.

"ஓம், நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்றார் அனீட்டாவின் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதானாம். அனீட்டா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

நிசார் எனக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றான். அவனைச் சீண்ட வேண்டும் போலிருந்தது.

"நல்ல காலம் நிசார், நீயும் ஒண்டைக் கொண்டுவந்து நடுவில வைக்கேல்ல."

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"நானும் கேட்டதான் அக்கா. ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹு தொழுதிட்டு, யா அல்லாஹ், அந்தப் பலகைய ஒரே மாதிரி ஆக்கித் தா எண்டு." சாப்பாட்டைப் பிசைந்தபடி குரலைத் தாழ்த்தினான். "ஆனா வீட்டில இருந்துதான் கேட்ட. பலகையில கை வெக்கல்ல. பூச்சுக்குக் கூடாதே."